கிணற்றிலிருந்து மூன்றாம் வரிசை

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் தப்பாகச் சொன்னாலும் சம்பந்தப்பட்டவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார். வகுப்பிலோ கல்யாண மேடையிலோ நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பார்த்த உங்களுக்கு இதன் அருமை புரியும்.

முப்பது வருஷம் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்ற பிறகு, மைசூரில் ஞாயிறு காலைகளில் இந்த வேலையைச் செய்தேன். நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு பகுதி முழுக்கச் சிப்பாய்களின் கற்கள். ஏழு மணிக்கு வாசலில் கூடி, ஒன்றரை மணி நேரம் நடப்போம். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது போவதில்லை. ஞாயிறு விடியலில் விழிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

தோசைக்கு நேரமாச்சு

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அட்டையில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், என்ன காய்ச்சல், எதையும் விடவில்லை. இருபத்திரண்டு வயதில் போன ஒரு லெப்டினென்டைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த வங்கி அதிகாரி ஒருவர் மெல்ல என் பக்கத்தில் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். "சார், ஒன்பதுக்கு மேல போனா தோசைக்கு க்யூ தெருவுக்கு வந்துடும். மிச்சம் இருக்கிறவாளை மொத்தமா சேர்த்துச் சொல்லிடுங்கோளேன்."

சல்யூட்

ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். முடித்துவிட்டு வரும்போது முகம் சரியாக இல்லை. ஏதாவது வருத்தமா என்று கேட்டேன். "அந்த ஒன்பதாவது ஆள் எனக்கு ஜூனியர் சார். பேரைப் பார்த்துட்டு ரேங்கைப் படிக்காம விட்டுட்டேன். வெச்ச சல்யூட்டைத் திரும்ப வாங்க முடியாதே."

மாதப்பாவின் சொந்தங்கள்

தோட்டத்துக்குக் காவல் மாதப்பா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் அவருக்கு ஒரே மொழி. நான் பேசும் நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் புல் வெட்டுவார். வெட்டுகிற சத்தத்தில் என் குரல் போய்விடுகிறது என்று ஒருநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லிச் சொல்லி இவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க சுவாமி. அதான், புல்லு மேல ஏறினா மனசு கேக்கல."

ஒரு பிடி மண்

ஒரு ஞாயிறு நடைக்கு வந்த ஸ்டெல்லாவுக்கு, ஹனூரை அடுத்த மார்டள்ளி கிராமம் சொந்த ஊர். இங்கே ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அவருடைய தாத்தா அருளப்பன் பர்மா போரிலிருந்து நோயோடு திரும்பி, மைசூர் ஆஸ்பத்திரியில் இறந்தவர். ஸ்டெல்லாவின் அம்மா அப்போது கைக்குழந்தை. எண்பது வயதாகிவிட்ட அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. அப்பாவின் குழியிலிருந்து ஒரு பிடி மண் வேண்டும். தன் காலம் முடிந்ததும் அதைப் பெட்டிக்குள் தன்னோடு வைக்க வேண்டும்.

பழைய அடக்கப் பதிவேட்டிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த குறிப்பில் பெயர் இருந்தது: மூன்றாம் வரிசை, ஐந்தாவது குழி. வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே போய், எழுத்தில்லாத ஓர் உடைந்த கல்லைக் காட்டினேன். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். மெழுகுவத்தி ஏற்றினார். கைக்குட்டையில் மண்ணை முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார். "இனி எங்கம்மா நிம்மதியாத் தூங்குமுங்க சார்."

பழைய வாசல்

ஸ்டெல்லா போன பிறகும் மாதப்பா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பிடித்து மூன்றாம் வரிசை என்றீர்கள் என்று கேட்டார். வாசலிலிருந்துதான் என்றேன். இந்த வாசல் ரோடு போட்ட பிறகு வந்தது, அந்தக் காலத்தில் வழி தோட்டத்தின் மறுகோடியில், கிணற்றுப் பக்கம் இருந்தது என்றார். பெயருள்ள கல்லைக் கண்டுபிடிக்க எண்ண வேண்டியதில்லை. அதனால் என் தவறு இத்தனை வருஷம் வெளியே வரவில்லை.

பதிவேடும் அந்தக் காலத்ததுதான். கிணற்றிலிருந்து எண்ணினோம். மூன்றாம் வரிசை, ஐந்தாவது. அது மரநிழலில் தரையோடு கிடந்த பலகைக் கல். நடை முடிந்து பைகளை வைப்பது, தண்ணீர் குடிப்பது, கால் வலித்தவர்கள் உட்காருவது எல்லாம் அதன் மேல்தான். எழுத்தை மழை பாதி தேய்த்திருந்தது, நாங்கள் பாதி. சிறுவர் பக்கத்தில் புதிருக்குத் தப்பான விடை போய்விட்டால் அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடலாம். இங்கே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்யவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்த மண்ணத் தலகாணிக்கு அடியில வெச்சுத்தானுங்க அம்மா தூங்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போய்ச் சொல்லுவேன்?"

அம்மா வந்த ஞாயிறு

தப்பு செய்தவன் நான்தானே, நானே சொல்கிறேன் என்றேன். ஸ்டெல்லா தன் அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்தார். அன்று நடையை ரத்து செய்திருந்தேன். ஒல்லியான அந்த அம்மா, வெள்ளைச் சேலையில், ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல் மாறியதை விளக்கினேன். பைகளைப் பற்றியும் சொன்னேன். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்ததையும் மறைக்கவில்லை.

அந்த அம்மா முதலில் உடைந்த கல்லுக்குப் போனார். கைக்குட்டையை அவிழ்த்து, மண்ணை ஒரு துளி சிந்தாமல் அங்கேயே திரும்பப் போட்டார். அடுத்தவர் வீட்டு அப்பனின் மண் நமக்கெதற்கு என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு கிணற்றடிக்கு வந்தார். மாதப்பா கல்லைக் கழுவி வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் தள்ளி நிற்க, அந்த அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கல்லறை மேல் உட்காரக்கூடாதென்று ஸ்டெல்லா பதறி, எழுந்திருக்கச் சொன்னார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை; உள்ளங்கையால் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். "இரு பிள்ள. எங்கப்பன் மடியில உக்காந்த நெனப்பே எனக்கில்ல. ஊருல இருக்கறவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, நான் உக்காரக்கூடாதா?"

அத்தனை வருஷம் அத்தனை கற்களைப் பற்றி நான் பேசியதில் உருப்படியானது என்று பார்த்தால், அடுத்த வாரம் வந்தவர்களிடம் பைகளைத் தோளிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னது ஒன்றுதான்.