விளிம்பு வரை தண்ணீர்

என் வீட்டுக்காரர் சாத்தூரில் பட்டாசு லோடு ஏற்றியவர். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொண்டதால், தினமும் எடை பார்த்து, தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

ஆடி கழிந்ததும் எடை மெஷினில் அவர் எடை திடீரென்று கூடியது.

"எனக்குத் தெரியாமத் தண்ணி குடிக்கீகளா?"

"மாரியாத்தா சத்தியமா குடிக்கல புள்ள. அந்த மிசினு என்ன, ஒங்கூடப் பொறந்ததா? அது சொன்னாத்தான் நம்புவியோ?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. டாக்டரைக் கேட்காமலே ஒரு டம்ளரை அரை டம்ளராக்கினேன். ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, மெஷினை வேறு நோயாளிக்குக் கொடுக்க நினைத்து, சரியாக இருக்கிறதா என்று மிளகாய் மண்டித் தராசுகளைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். கழற்றிப் பார்த்தார்.

"இதான் லோடு செல்லு, அக்கா. மேல ஏறுனா இந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாம வளையும். இதுல ஒட்டுன மெல்லிசுக் கம்பியும் இழுபடும். அதுல கரண்டு மாறுறத வச்சுத்தான் எடை காட்டும். லாரி எடை மேடையிலயும் இதான். தாங்காத பாரம் ஏத்திட்டா பழையபடி நிமிராது, தப்பாக் காட்டும். மேல என்னத்த வச்சீக?"

ஆடிக் கடைசியில் கூழுக்காக ஊரார் கோவிலுக்குத் தந்து, எங்கள் வீட்டில் இறக்கிய கம்பு மூட்டைகளை ஒரு ராத்திரி ஈரத் தரையில் வைக்க மனமில்லாமல், நான்தான் அதன்மேல் அடுக்கியிருந்தேன்.

தண்ணீர் குறைந்ததால் அவர் சாகவில்லை என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் ஆத்தா பேரில் அவர் செய்த சத்தியத்தை விட்டுவிட்டு ஒரு மெஷினை நம்பினேன். அவர் தாகத்தோடு போனார்.

இப்போது விளக்கேற்றியதும் அவர் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறேன். விளிம்பு வரை ஊற்றுகிறேன்.