எண்பத்து நாலுக்கு ஆறு தேங்காய்

அப்பாவுக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்கும் நடுவே என் கணக்குப் பாடத்தை வைத்து ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு பரீட்சையிலும் போன தடவையைவிட எத்தனை மார்க் கூடுதலாக வாங்குகிறேனோ அத்தனை தேங்காய் உடைப்பது. குறைந்தால் தேங்காயும் இல்லை, திட்டும் இல்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார், அவ்வளவுதான். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது தொடங்கிய ஏற்பாடு இது. என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளையாரைக் கேட்டார்களா என்பதும் தெரியாது.

இதில் உள்ள ஓட்டையை நாலாம் வகுப்பிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். எப்போதும் தொண்ணூற்றைந்து வாங்குகிறவளுக்குத் தேங்காயே கிடையாது. இறங்கினால்தான் ஏற முடியும். ஆகவே கிறிஸ்துமஸ் பரீட்சையில் விடை தெரிந்த இரண்டு கணக்குகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, வருஷப் பரீட்சையில் ஒன்றுவிடாமல் போட்டேன். பதினெட்டுத் தேங்காய்! அப்பா இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு போனதை எங்கள் வலியசாலைத் தெரு முழுக்க நின்று பார்த்தது. அப்படிப்பட்ட யோக்கியமான பிள்ளை நான். பின்னால் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்தவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் பித்தளையும் வெண்கலமும் எடை போடுவதுதான் அவர் வேலை. தராசு முள் நடுவில் நிற்கும்வரை வாங்க வந்தவர் மூச்சுவிடுவதுகூட அவருக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். சுமார், ஏறக்குறைய, கிட்டத்தட்ட என்றெல்லாம் அவர் முன்னால் யாரும் பேசிவிட முடியாது.

தேங்காய்ப் பையைத் தூக்கி வருவது பிற்பாடு அக்காவின் பொறுப்பாகிவிட்டது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றுப் போய், தையல் மிஷினோடு வீட்டில் இருந்தாள். எத்தனை மார்க்கில் தோற்றாள் என்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். மறுபடி எழுதட்டுமே என்று அம்மா சொன்னபோது, “முள்ளு நிக்கலேன்னா நிக்கலதான். கையை வச்சு அமுக்கவா முடியும்?” என்று அப்பா சொல்லிவிட்டதாகக் கேள்வி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தெருவில் யாருக்குக் கடிதம், மனு எழுத வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் வருவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் முத்துப் போல எழுதிக் கொடுப்பாள். எனக்கு அவள்மேல் பிரியம்தான். ஆனால் தோற்றவள் என்கிற ஓர் இளக்காரமும் கூடவே இருந்தது, பொய் சொல்வானேன்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது மார்க் போய்விட்டது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் பிள்ளைகளுக்கு எண் கிடையாது, எழுத்துதான் என்று சொன்னார்கள். ஓணப் பரீட்சை முடிந்து கார்டு வந்தது. கணக்குக்கு எதிரே, ‘ஏ’ என்று ஒற்றை எழுத்து. ராங்க் எழுதுகிற கட்டமே இல்லை. அப்பா கார்டைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எண்ணை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

“நல்ல கனமா இருக்குன்னு சொன்னா ஆச்சா? எத்தனை கிலோன்னு சொல்லாண்டாமா?” என்றார்.

யார் யாரிடமோ விசாரித்து, எண்பதிலிருந்து எண்பத்தொன்பது வரை ‘ஏ’ என்று தெரிந்துகொண்டு வந்தார். முந்தைய வருஷப் பரீட்சையில் நான் வாங்கியது எழுபத்தெட்டு. ஆக, குறைந்தது இரண்டு தேங்காய். கூடிப்போனால் பதினொன்று. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் அதேதான் வந்தது.

“பதினொண்ணையும் உடைச்சுப் போட்டா தீந்துது. இதுக்குப் போய் இந்தப் பாடா?” என்றாள் அம்மா.

“வாங்காத மார்க்குக்கு உடைக்கச் சொல்லுதியா? பிள்ளையாருகிட்டப் போய் நான் கள்ள எடை போடவா?”

அதிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பழவங்காடிக்குப் போகிறவர் போவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பாதியில் எழுந்து போய்க் கார்டைப் பார்ப்பார். ஐப்பசியின் துலா மழை வேறு பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும், கொடியில் துணி காயாவிட்டாலும், நேர்ந்ததைச் செய்யாத குற்றம் என்று ஆயிற்று. எனக்கும் உள்ளே குறுகுறுவென்றுதான் இருந்தது. என் வகுப்பில் மட்டும் பதினாலு பேர் ‘ஏ’. பதினாலு பேரில் ஒருத்தியாக இருப்பதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? ராத்திரி படுத்தால் எண்பத்தொன்றா எண்பத்தெட்டா என்று மனசு அலைந்தது. அக்கா மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டு, எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கணக்கு டீச்சர்தான் எங்கள் கிளாஸ் டீச்சரும். மலையாளம்தான் பேசுவார், எங்கள் வீட்டாருக்காகக் கொஞ்சம் தமிழைக் கலந்து பேசினார்.

“மார்க்கு சொல்லக்கூடாதுன்னு ஆர்டர் உண்டு, சாரே. குட்டிக்கு என்னெல்லாம் அறியும்னுதான் இப்ப நோக்குறது. பின்னம் நல்லா அறியும். ஜியாமெட்ரி இன்னும் கொஞ்சம் படிக்கணும். அது போதாதா?”

“அது இருக்கட்டும் டீச்சர். எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டா…”

“ஒரு நம்பரை வச்சு ஒரு குட்டியை அளக்க ஒக்குமா, சாரே?”

அப்பா, பித்தளைக் குடத்தைத் தட்டில் வைத்துவிட்டு முள்ளைப் பார்ப்பதுபோல டீச்சரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். குடையை விரிக்காமலே வீடு வரைக்கும் மழையில் நடந்தார். மார்க் கிடைக்காத கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆர்டர் அப்பாவுக்குத்தானே, எனக்கு இல்லையே. நான் கிளாஸ் லீடர். ஸ்டாஃப் ரூமிலிருந்து சாக்பீஸும் வருகைப் பதிவேடும் எடுத்து வருவது என் வேலை. டீச்சரின் மேஜையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருப்பதும், அதை யாருக்கும் காட்டாமல் அவர் எழுதுவதும் எனக்குத் தெரியும். மறுநாள் இன்டர்வெல்லில் அறை காலியாக இருந்தது. நோட்டைத் திறந்தேன்.

என் பெயருக்கு நேரே பென்சிலில் எழுபத்தாறு என்று இருந்தது.

எழுபத்தாறு! போன தடவையைவிட இரண்டு குறைவு. இந்த முறை நான் எதையும் வேண்டுமென்று விடவும் இல்லை. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் மலையாளத்தில் பொடி எழுத்தில், ‘சந்தேகம் கேட்கிறாள், பக்கத்துக் குட்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்’ என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த ‘ஏ’. இன்றைக்கு யாராவது என்னைப் பற்றி அப்படி எழுதினால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன். அன்றைக்கு அந்த வரி எனக்குப் பிச்சை போட்டதுபோல இருந்தது. நோட்டை மூடிவிட்டு, சாக்பீஸ் எடுக்க மறந்து வகுப்புக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் தேங்காயும் இல்லை, இரண்டு நாள் பேச்சும் இல்லை. பதினாலு பேரில் ஒருத்தியாகக்கூட இல்லாமல் போய்விடுவேன். எண்பத்தொன்று என்றால் அற்பமாக இருந்தது. எண்பத்தொன்பது என்றால் நம்பமாட்டார்கள். நடுவாக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கடையிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள், “டீச்சர் நோட்டைப் பாத்துட்டேன். எண்பத்து நாலு. ஆறு தேங்காய்!” என்று கத்தினேன்.

திருட்டுத்தனமாகப் பார்த்ததற்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. மிஷின் சத்தம் நின்றது. அப்பா செம்பைக் கையில் பிடித்தபடியே, “எத்தனை?” என்றார்.

“ஆறு.”

அக்கா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். என் பொய் பிடிபட்டுவிட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். அப்பா, பையோடு அக்கா, பின்னால் நான். கிழக்கேகோட்டையில் பஸ்ஸும் ஆட்டோவும் கும்பலும் எப்போதும்போல முட்டி மோதிக்கொண்டிருந்தன. கோவிலில் தேங்காய் உடைக்கிற இடத்தில் மலையாளப் பெண்கள் ஆண்களோடு வரிசையில் நின்று ஓங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் தேங்காய் உடைக்கிற வழக்கம் கிடையாது. அப்படி உடைப்பதைப் பார்த்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா ஒவ்வொன்றாக வாங்கி எறிந்தார். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றும் சிதறும்போது எனக்குக் காது அடைத்தது. பிள்ளையாருக்குத் தெரியாமலா இருக்கும், இதோ அடுத்தது உடையாமல் உருண்டு வரப்போகிறது, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தேன். மூன்று. நாலு. ஐந்து. எல்லாம் சரியாகவே உடைந்தன.

ஆறாவதை எடுத்து அக்கா நீட்டினாள். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ உடை, மக்களே.”

அக்கா நம்பாமல் அவரைப் பார்த்தாள். “நானா?” என்றாள்.

“நீதான். ஓங்கி எறி.”

அக்கா தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு எறிந்தாள். அப்படி ஓர் எறியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு சில்லு தெறித்து வந்து அப்பாவின் வேட்டியில் விழுந்தது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பா அந்தச் சில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொய் சொன்னதற்கு அப்பா எனக்குக் கொடுக்கிற தண்டனை இது, என் தேங்காயைப் பிடுங்கி அவளிடம் கொடுத்துவிட்டார் என்று அன்று நான் முடிவு கட்டினேன்.

பல வருஷம் கழித்து, வேறு வீட்டுக்கு மாறும்போது, பெட்டியின் அடியில் அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இருநூற்றுப் பத்து எடுத்தால் ஜெயம். அக்காவின் மொத்தம் இருநூற்று நாலு. தமிழில் மட்டும் வகுப்புக்கே அவள்தான் முதல் என்று அம்மா சொன்னாள். ஆறு என்று நான் வீடு அதிரக் கத்திய அந்த எண்ணை, அதற்கு முன்னால் நாலைந்து வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஆறில் ஒன்று எனக்குக் குறைந்துவிட்டது என்பதுதான். நடுத்தெரு என்றும் பார்க்காமல், இன்னொரு தேங்காய் வாங்கி உடைத்தால்தான் ஆச்சு என்று காலை உதைத்தேன். அப்பா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அக்கா காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கவே வாங்காத ஆறு மார்க்கில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று, வலியசாலை போய்ச் சேரும்வரை நான் அழுதுகொண்டே போனேன்.