அபிக்கு மெட்டு வேண்டாம்

போன சனிக்கிழமை என் மகள் அபியின் பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடப் போனேன்.

பதறாதீர்கள்... மார்க் விஷயம் இல்லை. பேண்டு விஷயம்.

அபி எட்டாம் வகுப்பு. ஜூனில் ஸ்கூல் பேண்டில் சேர்ந்தாள். கையில் கொடுத்தது யூஃபோனியம் — கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்து ஊதவேண்டிய பித்தளை வாத்தியம். அதற்கு முன்பு மயிலாப்பூரில் பாட்டு கிளாஸில் போட்டேன். மூன்று மாதம். அப்புறம் வீணை. அதுவும் ஒட்டவில்லை. இதில் மட்டும் அப்படி ஒட்டிக்கொண்டாள்! சனிக்கிழமையானால் அந்த வாத்தியத்தைப் பெரிய பெட்டியோடு வீட்டுக்கே தூக்கி வந்துவிடுவாள்.

ஆனால் வாசிப்பது என்னவோ 'பூம்... பூம்... பூம்...' அவ்வளவுதான். மெட்டு முழுக்க ட்ரம்பெட் பெண்களுக்கு. ஐந்து மாதமாக இதே பூம் பூம் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்? என் பெண்ணை ஓரங்கட்டுகிறார்களோ என்று உள்ளே ஒரே குடைச்சல்.

பிராக்டிஸ் நடக்கிற மரத்தடிக்கே போய்விட்டேன்.

"மாஸ்டர், அபிக்கும் ஒரு பாட்டு முழுசா கொடுக்கக் கூடாதா?"

பேண்டு மாஸ்டர் சிரித்தார். "ட்ரம்பெட் எடுத்துக்கோம்மான்னு நான் எப்பவோ சொல்லிட்டேன் மேடம். உங்க பொண்ணுதான் வேணாம்னுடுச்சு."

அபியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முகம் சிவந்து, தலையைக் குனிந்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே யூஃபோனியம் பெட்டி. ராயப்பேட்டை சிக்னலில் சிவப்பு விழ, வண்டியை நிறுத்தினேன்.

"எல்லார் முன்னாடியும் ஏம்மா கேட்ட?"

"உனக்காகத்தாண்டி..."

"எனக்கு இதுதான்மா பிடிச்சிருக்கு. பாட்டு கிளாஸ்ல நான் பாடினா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. தொண்டை அடைச்சுக்கும். இங்க யாரும் பார்க்க மாட்டாங்க. நான் ஊதிக்கிட்டே எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருப்பேன். நான் விட்டா அவங்க தாளம் தப்பிடும்... தெரியுமா உனக்கு?"

தெரியாது. பாட்டு கிளாஸில் அவளுக்குத் தொண்டை அடைத்ததுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

"ஸாரிடா," என்றேன்.

மயிலாப்பூர் குளத்தைத் தாண்டியபோது, பெட்டிக்கு மேலாக எட்டி என் தோளில் ஒரு கை வந்து விழுந்தது.

ஞாயிறு காலை பால்கனியில் பிராக்டிஸ். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ ட்ரம்பெட் பார்ட்டை 'லலலா'ன்னு பாடேன். நான் கீழ வாசிக்கிறேன்."

பாடினேன். அவள் தொடங்கியதும் என் குரலுக்கு அடியில் தரை போட்ட மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் நான் வேகமெடுத்து ஓடினேன். எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் தொலைந்தேன். அவள் ஓடவில்லை. கண்ணாலேயே சிரித்தபடி, நான் திரும்பி வந்து சேரும்வரை நிதானமாக ஊதிக்கொண்டே இருந்தாள்.

இவளையா ஓரங்கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனேன்?

நேற்று மாலை ஒரு சபாவில் கச்சேரி. பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் தம்புரா மீட்டிய பெண்ணையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் — அந்தப் பெண்ணின் பெயரைக் கடைசிவரை யாருமே சொல்லவில்லை!