எடுக்க மறந்த ஒரு டிக்

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு வயலில் கல் நடுவது எங்கள் தொழில் என்று சொன்னால் பெரிதாகத்தான் தெரியும்; உண்மையில் பாதி நாள் கைபேசியில் ஒரு பக்கம் திறக்குமா திறக்காதா என்று வெயிலில் நிற்பதுதான் வேலை. இந்தக் கருவியோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு நான்கு வரி சொல்லிவிடுகிறேன்.

கருவி இரண்டு. ஒன்று பேஸ். சரியான இடக் கணக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தூணின் மேல், முக்காலியில், நாள் முழுக்க அசையாமல் நிற்கும். இன்னொன்று ரோவர். அதைக் கம்பின் உச்சியில் மாட்டி வயல் வயலாகத் தூக்கிக்கொண்டு அலைவோம். பேஸ் சொல்லும் திருத்தத்தை வைத்துத்தான் ரோவர் இடம் காட்டும். ஆனால் பேஸுக்கு ‘நீ நிற்கும் இடம் இது’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதன் உடம்பில் ஒரே ஒரு பொத்தான்; திரை கிடையாது. அதன் வைஃபையைப் பிடித்து, பிரவுசரில் புள்ளி வைத்த நான்கு எண்களைத் தட்டினால் ஒரு பக்கம் வரும். தூணின் இட எண்களைத் தட்டிச் சேமிப்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

நான் சிவில் படித்தவன். பொம்மிடிக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. சர்வே நிறுவனத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. அதன் பிறகு வைத்துக்கொள்வார்களா என்பது குழுத் தலைவர் சங்கர் சார் எழுதும் ஒரு பக்கத்தில் இருந்தது. இங்கே எழுதியிருப்பது ஐந்தாவது மாதம், கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஏரிக்கு வாய்க்கால் வெட்டக் கல் நட்டபோது நடந்தது.

இணையம் இல்லாத வைஃபை

கருவியின் வைஃபையில் இணையம் இருக்காது. இது கைபேசிக்குப் பிடிக்காது. நாம் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ‘இதில் இணையம் இல்லை’ என்று முடிவு செய்து, நம்மைக் கேட்காமல் சிம் கார்டுக்குத் தாவிவிடும். பக்கம் வெள்ளையாகிவிடும். தட்டிய எண்கள் போச்சு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வேறோர் ஊரில் பேஸை நிறுத்திவிட்டு இப்படி நான்கு முறை தட்டினேன். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். கை வியர்த்து எண் மாறி விழுந்தது. மொபைல் டேட்டாவை அணைத்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ரோவர் கம்பு பிடிக்கும் மாதேஷ் அண்ணன், பத்து வருடமாக இதே வேலையில் இருப்பவர், கம்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஒண்ணுமில்லிங்க, தம்பி மேல இருக்கிற சாட்டிலைட்டுக்கு வணக்கம் வச்சிட்டு இருக்குது, அது இன்னும் திரும்பிப் பாக்கல.”

போட்டோ

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்துக்கொள்வேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சந்தேகம் வந்தால் இன்னும் இரண்டு. ராத்திரி பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு எண்ணாகப் பெரிதாக்கி, நோட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுவேன். எண்கள் மட்டும்தான். மற்றதைப் பார்த்ததில்லை. இதைத்தான் பிறகு சொல்லப்போகிறேன்.

என் கைபேசியில் குடும்பப் படம் பத்து இருந்தால் இந்தப் பக்கத்தின் படம் இருநூறு இருக்கும். சங்கர் சார் ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: “ஏம்பா, இதுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கியா?”

பச்சை எழுத்து

ரோவரின் நிலை சரியாக இருந்தால் திரையில் பச்சையாக எழுத்து வரும். பச்சை வந்தால் விரல் அகலத்துக்குள் துல்லியம் என்று அர்த்தம். அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

கம்பைநல்லூர் வேலையின் நான்காம் நாள் மதியம், பள்ளிக்கூட வளாகத்துத் தூணில் நின்ற பேஸின் பேட்டரி இறங்கிவிட்டது. மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன். முக்காலி அசையவில்லை, தூண் அதே தூண். ரோவரில் பச்சை வந்தது. சாப்பிட்டுவிட்டு வயலுக்கு இறங்கினோம். பேட்டரி மாற்றினால் ஏரிக்கரையில் இருக்கும், இடக் கணக்கு தெரிந்த இரண்டாவது தூணில் கம்பை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. காலையில்தான் பார்த்தோமே என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் சின்னபாப்பா அக்காவின் தக்காளி வயலுக்கு வந்தோம். அவர் கணவர் பெங்களூரில் கட்டட வேலை. அக்காதான் தக்காளியும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பார்க்கிறார். எல்லாம் ஒரே போர்வெல் தண்ணீர். நான் காட்டிய இடத்தில் மாதேஷ் அண்ணன் கல் நட்டார். அந்தக் கல்லின்படி போர் வாய்க்காலுக்குள் விழுந்தது.

அக்கா கல்லையும் போரையும் மாறி மாறிப் பார்த்தார். “வாய்க்கா படத்துல போரு வெளிய தான சார் இருந்துச்சு? ஆபீசருங்க காட்டினாங்களே.”

நான் திரையைப் பார்த்தேன். பச்சை. “பழைய படம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் அக்கா. இது துல்லியமா காட்டும்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. “படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்.”

பதினொரு கல்

மறுநாள் காலை பேஸை மறுபடி நிறுத்தி, எண்களைத் தட்டி, ஏரிக்கரைத் தூணில் சரிபார்த்தேன். சரி. முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்க, கடைசிக் கல்லின் மேல் கம்பை வைத்தேன். ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகல்.

கம்பு சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். நேராகத்தான் இருந்தது. முந்தின கல்லுக்குப் போனோம்; அதே விலகல், அதே திசை. அதற்கு முந்தினதும் அப்படியே. பின்னாலேயே நடந்து பதினொரு கல் தாண்டினோம். பன்னிரண்டாவது கல், மதியச் சாப்பாட்டுக்கு முன் நட்டது, விரல் அகலம்கூட விலகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கைபேசியில் முந்தின நாள் காலைப் படத்தைத் திறந்தேன். எண்கள் எல்லாம் சரி. எண்களுக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம்: கருவியை அணைத்துப் போட்டால் அது நிற்கும் இடத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளட்டுமா என்று. அதில் டிக் இருந்தது. கருவியோடு வந்த டிக். நான் எடுத்திருக்க வேண்டும். பேட்டரி மாற்றியதும் பேஸ் நான் கொடுத்த எண்களை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓர் இடத்தை எடுத்துக்கொண்டது. அந்தத் தப்பான இடத்திலிருந்துதான் மத்தியானம் முழுக்க அவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்கிறது. இருநூறு படம் எடுத்தவன் அந்தக் கட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மாதேஷ் அண்ணன் பக்கத்தில் குந்தினார். “பிடுங்கி நட்டுட்டுப் போயிறலாம் தம்பி. கல்லு சாஞ்சிருச்சு, நேர் பண்றோம்னு சொல்லிக்கலாம்.” அவர் கெட்டவர் இல்லை. என் ஆறு மாதம் அவருக்குத் தெரியும், அதனால் சொன்னார். நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதும் உண்மை. பிறகு தருமபுரி அலுவலகத்தில் இருந்த சங்கர் சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் படத்தையும் அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நான் பொறப்பட்டு வர்றேன். அதுக்குள்ள அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு, என்னைய வச்சிக்கிட்டுச் சொல்லாத.”

வயலில் கிடந்த குழாய்கள்

தக்காளி வயலுக்குப் போனபோது போர் மேல் மூன்று கால் நட்டு, செயின் போட்டு, இரண்டு பேர் குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறேழு குழாய் ஏற்கெனவே வரப்பில் கிடந்தது. மோட்டார் இன்னும் உள்ளே. வாய்க்கால் வெட்டும் வண்டி வருவதற்குள் மோட்டாரையாவது காப்பாற்றிவிடலாம் என்று அக்கா விடியற்காலையிலேயே ஆள் கூட்டி வந்திருக்கிறார். பழைய போர் அது. குழாய் நழுவினால் மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு எடுக்க முடியாது.

“நிறுத்துங்க” என்றேன். செயின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. மாதேஷ் அண்ணன் கத்தினார். செயின் நின்றது. குழாய் அந்தரத்தில் தொங்கியது.

அக்காவிடம் சொன்னேன். கல் தப்பு, தப்பு என்னுடையது, போர் வாய்க்காலுக்கு வெளியேதான் இருக்கிறது என்று. பழியைக் கருவி மேல் போடும் வாக்கியம் ஒன்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. தொங்கும் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நேத்து ராத்திரி பூரா எங்க வூட்டுக்காரரு போன்ல என்னையத்தான் சார் திட்டினாரு, படத்தச் சரியாப் பாக்கலன்னு.”

முனுசாமியின் சந்தேகம்

எதிர்ப்பக்க நிலம் முனுசாமியுடையது. தப்பான கல்லால் வாய்க்கால் அவர் நிலத்தை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. புதிதாக வைத்த மாங்கன்று வரிசை ஒன்று தப்பித்தது. கல்லை மாற்றினால் அந்த வரிசை போகும். சங்கர் சார் வந்து இறங்குவதற்குள் செய்தி அவருக்குப் போய்விட்டது.

“நேத்து ஒரு கல்லு, இன்னைக்கு ஒரு கல்லு” என்றார். “அந்தப் பொம்பள அழுதுச்சு, கல்லு நவுருது. நான் அழுதா எனக்காகவும் நவுருமா?”

நியாயமான கேள்வி. படத்தைக் காட்டினேன், அவர் அதைக் கையால் தள்ளினார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. “தப்ப உங்க கண்ணு முன்னாடியே மறுபடி செஞ்சு காட்றேங்க” என்றேன். சங்கர் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தடுக்கவில்லை.

பள்ளிக்கூடத் தூணும் ஏரிக்கரைத் தூணும் கூப்பிடு தூரம். முனுசாமியும் ஊர்க்காரர்களும் ஏரிக்கரைத் தூணைச் சுற்றி நின்றார்கள். மாதேஷ் அண்ணன் தூணின் மேல் கம்பை வைத்தார். பூஜ்யம் அளவுக்கு விலகல். நான் பேஸிடம் ஓடி, பிரவுசரைத் திறந்து, காலையில் எடுத்துவிட்ட டிக்கை அந்தக் கட்டத்தில் திரும்பப் போட்டு, கருவியை அணைத்து, மறுபடி போட்டேன். தற்செயலாக இந்த முறை சரியாக எடுத்துக்கொண்டால் நான் பொய்யன். ஓடி வந்தேன். திரையில் பச்சை. விலகல் ஒரு மீட்டருக்கு மேல், ஆனால் நேற்றைக்கு எதிர்த்திசையில். “இன்னொருக்கா” என்றார் முனுசாமி. மறுபடி ஓடினேன். இந்த முறை வேறு அளவு, வேறு திசை, அப்போதும் பச்சை. டிக்கை எடுத்துவிட்டு, எண்களைத் தட்டி, இரண்டு முறை அணைத்துப் போட்டேன். இரண்டு முறையும் பூஜ்யம் பக்கத்திலேயே நின்றது. மூச்சு வாங்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முனுசாமி தூணைத் தடவிப் பார்த்தார். மாங்கன்று இருந்த பக்கம் ஒருமுறை திரும்பினார். கன்றுகளைப் பெயர்த்து நட நாங்களே ஆள் அனுப்புவதாக சங்கர் சார் சொன்னார். அதற்கும் அவர் முகம் மலரவில்லை. “சரி, நட்டுக்குங்க. பொய்யி சொல்றப்ப இந்தப் பொட்டி ஒவ்வொரு தரமும் வேற வேற சொல்லுது, நெசத்த மட்டும் ஒண்ணுபோல சொல்லுது. எங்க பசங்களும் அப்படித்தான்.”

தண்ணீர் வரும் வரை

கல்லை மாற்றி நட்டோம். போர் ஒரு கை நீளம் வெளியே நின்றது. குழாய்களை மறுபடி இறக்க மதியம் ஆகிவிட்டது. சங்கர் சார் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பப் பார்த்தபோது அக்கா விடவில்லை. மோட்டாரைப் போட்டார். சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் இல்லை. தக்காளிச் செடிகள் தொங்கிப்போய் நின்றன. குழாய் இருமுறை காற்றைத் துப்பியது. பிறகு சேறு. பிறகு செம்மண் கலங்கலாய் ஒரு வாய். வெகுநேரம் கழித்துத்தான் தெளிந்தது.

அக்கா கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமேட்டுக்குக் கல்லு நடுறதுக்கு முந்தி, எங்கள மாதிரி படிக்காதவங்க ஏதாச்சும் சொன்னா, அந்தப் பொட்டியக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டுக் கேளுங்க தம்பி.” அதுவரைக்கும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கர் சாரின் பக்கம்

ஆறு மாதம் முடிந்தது. வேலை நிரந்தரமும் ஆகவில்லை, போகவும் இல்லை. தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. சங்கர் சார் எழுதிய பக்கத்தை என்னிடமே காட்டினார். தவறு செய்தார், தெரிந்ததும் சொன்னார், சரிசெய்தார் என்று மூன்று வரி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: “இதையும் போட்டோ எடுத்துக்கிறியா?”

எடுத்துக்கொண்டேன், இந்த முறை எழுத்துகளை விட்டுவிட்டு, கீழே சின்னதாக ஏதாவது கட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.