வாசல்படி மண்

மாரமங்கலத்துப் பூவாயியின் முதல் புருஷன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்தான். சில வருஷம் கழித்துப் பொன்னுவேல் வந்தான்.

காரைக்கால்காரன். பிரெஞ்சுப் போர்க்கப்பலில் கரி அள்ளிப் போட்டவன். காய்ச்சல் என்று மதராஸ் ஆஸ்பத்திரியில் அவனை இறக்கிவிட்டார்கள். குணமாகி வெளியே வந்தபோது கப்பல் போயிருந்தது. பாண்டிச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்லியிருக்கலாம். அவன் சேலத்துக்கு ரயிலேறினான். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காப்பிக்கொட்டை உலர்த்தும் வேலை கிடைத்தது. பூவாயியும் அங்கே கூலி.

அந்த மலையில், பெண்ணைக் கட்டி அவள் வீட்டோடு வந்து தங்குகிறவன் ஊர் முன்னால் மண்ணள்ளிச் சத்தியம் செய்ய வேண்டும்: பழைய ஊருக்குத் திரும்ப மாட்டேன். அந்த மண்ணை வாசல்படிக்கு அடியில் புதைப்பார்கள். பிறகு கூடப்பிறந்தவர்களே வந்து கேட்டாலும் ஊர் அவனை அனுப்பாது. பூவாயியைக் கட்டிக்கொள்ளப் பொன்னுவேல் சத்தியம் செய்தான்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவன் அவனைக் காட்டிக்கொடுத்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆளைத் திருப்பிக் கேட்டார்கள். வழக்கு ஏற்காட்டு மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு வந்தது. ஓடிவந்த மாலுமி என்றால் ஒப்படைக்க வேண்டும். நோயாளியாக விடப்பட்டவன் என்றால் வெள்ளைக்கார இங்கிலீஷ் சர்க்காரின் இந்த மண்ணில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அவன்மேல் அதிகாரமில்லை.

பொன்னுவேலின் வக்கீல் வெளியே வைத்துப் பூவாயியிடம் சொன்னார்: "காய்ச்சலோட விட்டுட்டுப் போனாங்கன்னு உன் புருஷன் உங்கிட்டச் சொன்னாரில்ல. அதை மட்டும் சொல்லும்மா."

"சரிங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "கப்பலுக்குத் திரும்பிப் போவதாக எப்போதாவது சொன்னானா?"

பூவாயியின் முகம் தெளிந்தது. இதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

"எப்படிங்க போவாரு? ஊரு முன்னால மண்ணள்ளிச் சத்தியம் பண்ணியிருக்காரு. கப்பலும் வேண்டாம், பொறந்த ஊரும் வேண்டாம், இனி இதான் என் ஊடுன்னு. வேணும்னா எங்க மூப்பரைக் கேட்டுக்கோங்க."

பின்னால் நின்ற ஊர்த்தலைவர் மூப்பர் பலமாகத் தலையாட்டினார். பொன்னுவேலின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னுவேல் தரையைப் பார்த்தான். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும் எண்ணமே இல்லாமல் ஓடிவந்தவன் என்று தீர்ப்பானது.

விலங்கு மாட்டியபோது அவள் கிட்டே போனாள். "நான் தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

"உள்ளதத்தான சொன்ன."

"அப்புறம் ஏனுங்க இப்படி?"

"அந்த மண்ணத் தோண்ட விடாத" என்றான்.

மறுவருஷம் காப்பி பூத்த சமயம் மூப்பர் கடப்பாரையோடு வந்தார்.

"நீ நொம்பச் சின்னவ, கண்ணு. மண்ணை எடுத்துட்டா இன்னொரு ஊட்டுக்குப் போலாம். அவன் சத்தியம் முறிஞ்சுபோச்சு."

"அவரு முறிக்கலீங்க. விலங்கு போட்டுக் கொண்டுபோனாங்க."

"நம்ம சத்தியம் அவங்க கச்சேரியில செல்லலையே, சாமி."

"அங்கதானுங்க செல்லுச்சு."

மூப்பர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பூவாயி படியைப் பெருக்கினாள். அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். கிழவியாகி முழங்கால் மடங்காமல் போனபிறகும் அப்படித்தான், நிலையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.