புது ரகம்

முதியோர் இல்லத்துக்காக எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு படி அரிசி சேர்த்தோம். எல்லாவற்றையும் கொட்டிவைத்த டிரம்முக்குள் கைவிட்டு அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டேன். பொன்னி, குண்டரிசி, ரேசன் அரிசி எல்லாம் ஒரே கையில்.

இந்த அரிசியை நான் தின்றிருக்கிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில், அப்பாவின் மில்லை மூடிய வருடம். சோறு பாதி குழைந்திருக்கும், பாதி வேகாமல் கடிபடும்.

“இதென்னம்மா சோறு?”

“புது ரகங் கண்ணு. சாப்பிடு.”

அந்த வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா என் கையில் ஒரு பிடி அரிசி கொடுத்து, தெருக்காரர்கள் எல்லாம் அரிசி போடும் தெருமுனைக் கோயில் டின்னில் போடச் சொல்வாள். “இல்லாதவங்களுக்குக் கண்ணு.”

“ஏனுங்க, என்னாச்சுங்க?” என்றார் டிரம்முக்கு அருகில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்.

புது ரகமாம்! அந்த டின் எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. நான் போட்ட பிடியும் அந்தச் சோற்றில் வெந்திருக்கும்.