ஜாமீன் போட்ட அக்கா

ஆஞ்சலா முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். அந்தச் சம்பளத்தில் ஆஸ்டின் டவுனில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று இருந்தது தம்பி டிரேவரும், அவன் மனைவி ஃபாத்திமா மேரியும், மகள் நிக்கோலும்தான்.

டிரேவர் கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி, சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன். கொரோனாவில் தொழில் படுத்துவிட்டது. ஊர் மறுபடி திறந்ததும், இனி எல்லோரும் மேடைக்குப் பெரிய எல்இடி திரைதான் கேட்பார்கள் என்று பேங்கில் கடன் வாங்கினான். ஜாமீனுக்கு ஆஞ்சலா தன் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சும்மா பேருக்குத்தான் அக்கா" என்றான்.

அதே திரையைப் பாதி வாடகைக்குத் தர வேறு ஆட்கள் வந்தார்கள். தவணை நின்றது. அக்காவும் தம்பியும் ராஜேந்திரன் என்ற வக்கீலிடம் போனார்கள்.

"மூணு வழி இருக்கு" என்றார் அவர். "பேங்க்ல உட்கார்ந்து பேசி தவணைக் காலத்தை நீட்டிக்கலாம். இல்லன்னா, இருக்கற சொத்தை நீங்களே வித்து, அபராத வட்டியைத் தள்ளச் சொல்லி ஒரேயடியா செட்டில் பண்ணலாம். ரெண்டும் ஆகலன்னாதான் கோர்ட்ல திவால் மனு."

"அது போட்டா கடன் போயிடுமா சார்?" என்றான் டிரேவர்.

"உடனே போகாது. கோர்ட் ஒத்துக்கிட்டா, ஒரு அதிகாரி உங்க சொத்தை வித்து எல்லாருக்கும் பங்கு பிரிப்பார். அப்புறம் ஒரு நாள் உங்களை விடுவிப்பாங்க. ஆனா ஜாமீன் போட்டவங்களை அது காப்பாத்தாது. பேங்க் நேரா உங்க அக்காகிட்ட வரும்."

டிரேவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

அவனுக்கு ஆனேக்கல்லில் ஒரு சைட், காலி வீட்டு மனை, இருந்தது. வக்கீல் ஆபீஸுக்குக் கீழே டீ குடிக்கும்போது ஆஞ்சலா சொன்னாள்.

"அந்த சைட்டை வித்துடு டிரேவர். ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"அது நிக்கோலுக்கு வச்சிருக்கேன்."

"அப்ப என் வீடு?"

"உனக்கென்ன அக்கா, புள்ளையா குட்டியா. ஒரு ஆளுக்கு எங்க இருந்தா என்ன."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் சைட் ஃபாத்திமா பேருக்கு மாறியது. தானப் பத்திரம். ஃபாத்திமாவே கேக் கொண்டுவந்து கொடுத்து அதைச் சொன்னாள். அது எதற்கான ஏற்பாடு என்று ஆஞ்சலாவுக்குப் புரிந்தது, பேங்க்காரர்கள் அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போன பிறகுதான். தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

"நான் திவால்னு மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டேன் அக்கா. இனிமே என்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. கோர்ட் பார்த்துக்கும்."

பேங்க் ஏலம் போட்டால் வீடு அடிமாட்டு விலைக்குப் போகும். அவள் தனியாகப் போய் அவகாசம் கேட்டாள், தானே ஆள் பார்த்து விற்றாள், அபராத வட்டியைக் கெஞ்சிக் குறைத்துக் கடனை அடைத்தாள். மிஞ்சியது ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சரியாக இருந்தது. ரிட்டயர் ஆன வயதில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரைப் புரட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இடுப்பு வலிக்கு அந்த வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்தே மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வாள்.

ராஜேந்திரன் கூப்பிட்டனுப்பினார்.

"கடனை நீங்க கட்டிட்டீங்க. அதனால பேங்க் இருந்த இடத்துல இப்ப நீங்க. தம்பி உங்களுக்குத்தான் பாக்கி. ஆனா கோர்ட்ல சொத்தே இல்லன்னு சொல்லியிருக்கார்."

"ஆனேக்கல்ல சைட் இருந்தது. மனு போடறதுக்கு முன்னால பொண்டாட்டி பேருக்கு எழுதிட்டான்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப?"

"அதே வருஷம்தான்."

"ரெண்டு வருஷத்துக்குள்ள சும்மா எழுதிக் குடுத்ததைக் கோர்ட் ரத்து பண்ணலாம். ஆனா மறைச்சதுக்கு அவர் ஜெயிலுக்குக்கூடப் போகலாம். யோசிச்சு சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு."

விசாரணைக்கு முன்னால் நிக்கோல் ஹெப்பகோடிக்கு வந்தாள். அவளுடைய காலேஜ் ஃபீஸ் முழுக்க ஆஞ்சலா கட்டியது. நிச்சயம் ஆகியிருந்த பெண், இளைத்துப்போயிருந்தாள்.

"மாப்பிள்ளை வீட்ல அந்த சைட்டை வச்சுதான் சரின்னாங்க அத்தை. அது போச்சுன்னா எல்லாம் நின்னுடும்."

ஆஞ்சலா தைலத்தை எடுத்து இடுப்பில் தடவிக்கொண்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்று ஆஞ்சலா எழுந்து கதவைத் திறந்தாள். "தப்பு பண்ணாதவங்கதான் கட்டறாங்க. நானும் கட்டினேன். போய்ட்டு வா."

கோர்ட்டில் அவள் சைட் கைமாறியதைத் தேதியோடு சொன்னாள். தானப் பத்திரம் ரத்தானது. சைட் விலைபோனது. அவனுக்குக் கடன் கொடுத்திருந்த ஜெனரேட்டர்காரர், நாற்காலி விற்றவர், ஃபைனான்ஸ்காரர்கள் என்று எல்லோருக்கும் பிரித்ததில் ஆஞ்சலாவுக்கு வந்தது ஒரு வருஷ வாடகைக்குக்கூடக் காணாது. நிக்கோலின் கல்யாணம் நின்றது. டிரேவரை ஜெயிலில் போடவில்லை. அவனுடைய வாடிக்கையைப் பிடித்துக்கொண்டவனிடமே தினக்கூலிக்கு நாற்காலி இறக்கப் போனான்.

ஃபாத்திமா ஒருமுறை ஃபோனில் கேட்டாள். "இப்ப உனக்குத் திருப்தியா?"

"இல்ல" என்றாள் ஆஞ்சலா. அது உண்மை.

அடுத்த வருஷம், தன்னைக் கடன்களிலிருந்து விடுவிக்கச் சொல்லி டிரேவர் மனுப் போட்டான். கடன் கொடுத்த மற்றவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆஞ்சலா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாள்.

"எதிர்த்தா உங்களுக்கு ஒரு பைசா வராது மேடம்" என்றார் ராஜேந்திரன், கோர்ட் வாசலில் மெதுவாக. "அவர்கிட்ட இனி எதுவும் இல்ல. விட்டுட்டா ஒரு வண்டிக் கடன் வாங்கியாவது பிழைச்சுப்பார்."

தம்பி சற்றுத் தள்ளி சுவரோரம் நின்றிருந்தான். தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது. ஆஞ்சலா அதைப் பார்த்தாள்.

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டாள்.